'ஏர்ல போடுங்க' என்றால் ஏன் நடுங்குகிறாய்?

வெள்ளிக்கிழமை கட்-ஆஃப். சரக்கு இன்னும் அயர்னிங் மேஜையிலேயே கிடக்கிறது. சாயப்பட்டறையில் நாலு நாள் போனது, லேபிள் வந்து சேர இரண்டு நாள் போனது, கடைசியில் கப்பலும் போனது. தூத்துக்குடியில் எந்தக் கப்பலும் திருப்பூர்க்காரனுக்காக நின்றதில்லை. சனிக்கிழமை காலை பையரிடமிருந்து மெயில் வருகிறது: தாமதம் உங்களுடையது, முழு ஆர்டரையும் உங்கள் செலவில் ஏர்ல போடுங்க. உனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. மெர்ச்சண்டைசர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீ என்ன பதில் அனுப்புகிறாய்?

"ஓகே சார்."

தம்பி, தங்கச்சி, அந்த இரண்டு சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பையரோடு சண்டையில்லை, அவர் தன் கடை அலமாரி காலியாகாமல் பார்த்துக்கொள்கிறார். ஃபார்வர்டரோடும் இல்லை; கேட்டவருக்கு ரேட் சொல்வது அவர் தொழில். பத்தாயிரம் சட்டையை வெட்டி, தைத்து, செக்கிங் பார்த்து, மடித்து அடுக்கத் தெரிந்த உனக்கு, அது கடலில் போவதா வானத்தில் போவதா என்று முடிவெடுக்க மட்டும் ஏன் துணிச்சல் வரவில்லை?

காரணம் எனக்குத் தெரியும். நூலும் துணியும் உன் கண்முன்னால் ஓடுபவை. லாரி கேட்டைத் தாண்டியதும் நீ கண்ணை மூடிக்கொள்கிறாய். சிபிஎம், ஏர்வே பில், சர்சார்ஜ் எல்லாம் இங்கிலீஷ் படித்தவர்கள் சமாச்சாரம் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். அங்கே இருப்பது எட்டாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான். பெருக்கத் தெரியுமா, வகுக்கத் தெரியுமா? வா.

டேப்பை எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போ. ஒரு அட்டைப்பெட்டியைத் தரையில் இறக்கி வை. நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40, உயரம் 40 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 50 டி-ஷர்ட். ஒன்று 200 கிராம். பெட்டியையும் சேர்த்துத் தராசு 11 கிலோ காட்டுகிறது. 11 கிலோவுக்குத்தான் விமானக் கட்டணம் என்று நீ நினைத்திருந்தால், இத்தனை வருடமும் பில்லைப் படிக்காமலே பணம் கட்டியிருக்கிறாய். விமானச் சரக்கில் இன்னொரு எடை உண்டு. மூன்று அளவையும் பெருக்கி 6,000-ஆல் வகுக்க வேண்டும். 60, 40, 40 பெருக்கினால் 96,000. வகுத்தால் 16. தராசு எடை, இந்தக் கன அளவு எடை, இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில் வரும். கூரியரில் பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். அங்கே இதே பெட்டி 19 கிலோவைத் தாண்டிவிடும். ஆக, ஒரு பெட்டிக்கு 5 கிலோ வெறும் காற்றுக்கு நீ டிக்கெட் எடுத்து ஏற்றிவிடுகிறாய்.

இப்போது பெட்டியின் தலையில் கையை வைத்து அழுத்து. அமுங்குகிறதா? பருத்தி பனியன் துணி, அமுங்கத்தான் செய்யும். மடிப்பை மாற்று, பாலிபேக்கில் அடைபட்ட காற்றை வெளியேற்று, உயரத்தை 30 சென்டிமீட்டருக்கு இறக்கு. 72,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் 12 கிலோ. அதே 50 சட்டை! பெட்டி அளவு பையரின் பேக்கிங் விதியில் எழுதப்பட்டிருந்தால் முன்கூட்டியே அனுமதி கேள். கேட்பதற்குக் காசில்லை.

பத்தாயிரம் சட்டைக்கு 200 பெட்டி. கணக்குக்காக விமானக் கட்டணத்தைக் கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைப்போம். நிஜ ரேட் வாரத்துக்கு வாரம் மாறும், அன்றைக்குக் கேட்டுக்கொள். பழைய பெட்டியில் 3,200 கிலோ, 8 லட்சம் ரூபாய். புதிய பெட்டியில் 2,400 கிலோ, 6 லட்சம். டேப்பும் இரண்டு கையும் சேர்ந்து 2 லட்சம் சம்பாதித்துக் கொடுத்துவிட்டன. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவை 5 கிலோ கட்டியாக இயந்திரத்தில் அழுத்தித்தான் கன்டெய்னரில் ஏற்றுகிறார்கள். வாங்கியவர் தண்ணீர் ஊற்றினால் அது பல மடங்கு உப்புகிறது. ஒருகாலத்தில் சாலையோரம் மலைமலையாகக் கொட்டிவைத்திருந்த கழிவு அது. காற்றைப் பிழிந்து வெளியே விட்டதால்தான் அதற்குக் கடல் தாண்டும் யோக்கியதை வந்தது.

சரி, அந்த மெயிலுக்கு வருவோம். உனக்குச் சட்டைக்கு 25 ரூபாய் லாபம் என்று வைத்தால் ஆர்டர் முழுக்க இரண்டரை லட்சம். "ஓகே சார்" என்று எழுதிப் பழைய பெட்டியிலேயே முழுவதையும் ஏற்றினால் லாபம் போய், மேற்கொண்டு ஐந்தரை லட்சம் கைக்காசு போகும். ஆறு மாதம் எழுந்திருக்க முடியாது.

எழுத வேண்டிய பதில் வேறு. கடை திறக்கும் முதல் வாரத்துக்கு உங்களுக்கு எத்தனை பீஸ் தேவை, எந்த சைஸ், எந்தக் கலர்? அதை இந்த வாரமே என் செலவில் ஏர்ல அனுப்புகிறேன். மீதி அடுத்த வாரக் கப்பலில் ஏறும். முதல் வாரத்துக்கு அவர் 2,000 பீஸ் கேட்டால் 40 பெட்டி, 480 கிலோ, ஒரு லட்சத்து இருபதாயிரம். எஃப்ஓபி ஆர்டர் என்பதால் மீதி 8,000 பீஸின் கப்பல் கட்டணம் எப்போதும் போல் பையருடையது. உன் கையில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லாபம் மிஞ்சும். அவர் முரண்டு பிடித்து, எல்லாமே கப்பலில் வரட்டும், ஆனால் 5% தள்ளுபடி கொடு என்றால்? பீஸ் 300 ரூபாய் வீதம் சரக்கு மதிப்பு 30 லட்சம், தள்ளுபடி ஒன்றரை லட்சம். அதுவும் 6 லட்சத்தில் கால்வாசிதான். இந்த மூன்று தொகையும் கையில் இருக்கும்போது உன் குரலே மாறிவிடும், பார். எண்களுக்கு ஆங்கிலப் புலமை வேண்டாம். உடைந்த ஆங்கிலத்தில் சரியான எண்ணோடு பேசுகிறவனை எந்த ஊர் பையரும் உட்காரவைத்துப் பேசுவான்.

நம்மில் பலருக்கு இன்னொரு மயக்கம். விமானம் உசத்தி, கப்பல் மட்டம். அவசரமும் அந்தஸ்தும் இருப்பவர்கள் வானத்தில் அனுப்புவார்கள், நாம் கடலோடு நிற்போம். இதில் அந்தஸ்தே கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: உன் சரக்கு கிலோவுக்கு எத்தனை ரூபாய் பெறும்? உன் டி-ஷர்ட் 200 கிராம் 300 ரூபாய். அப்படியானால் கிலோ 1,500. அதில் 250 ரூபாய் விமானத்துக்குக் கொடுத்தால் ஆறில் ஒரு பங்கு போச்சு. இப்போது ஒரு செல்போனை எடுத்துக்கொள். பெட்டியோடு 400 கிராம், விலை 50,000 என்றால் கிலோ ஒன்றேகால் லட்சம். அதற்கு 250 ரூபாய் கொசுக்கடி. 2025 மார்ச் தொடங்கி, அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிக்கு முந்திக்கொள்ள, ஆப்பிள் நிறுவனம் சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்களைச் சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்கு அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அதைப் படித்துவிட்டு நாமும் விமானத்துக்கு மாறுவோம் என்று நினைக்காதே. அவர்கள் போட்ட கணக்கை நீ போடு. விடை வேறாக வரும்.

நாமக்கல் முட்டையைப் பார். கையில் எடுத்தால் உடைகிறது, வைத்திருந்தால் கெடுகிறது. ஆனாலும் வளைகுடாவுக்குக் குளிர்சாதனக் கன்டெய்னரில், கப்பலில்தான் போகிறது. ஒரு முட்டையின் விலை விமானக் கட்டணத்தைத் தாங்காது என்று தெரிந்ததும், அவர்கள் குளிரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். மதுரை மல்லிக்கு அந்த வழி கிடையாது. காலையில் பறித்தது மறுநாள் எங்கோ ஒரு கோயிலிலோ கல்யாண மண்டபத்திலோ மணக்க வேண்டும். அதனால் அது விமானம் ஏறுகிறது. முட்டை விற்பவர் மட்டமும் இல்லை, பூ விற்பவர் உசத்தியும் இல்லை.

நாள் கணக்கு என்ன ஆகும் என்று கேட்கிறாய். நல்ல கேள்வி, அதையும் ரூபாயில் கேள். 30 லட்சம் சரக்கு 35 நாள் தண்ணீரில் மிதந்தால், வருடத்துக்கு 12% வட்டியில் ஏறக்குறைய 34,500 ரூபாய். அதுதான் உன் காத்திருப்பின் விலை. 34,500 ரூபாயை மிச்சப்படுத்த ஆறு லட்சம் செலவழிக்கிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்லிப் பார், என்ன கிடைக்கும் என்று!

கடல் ஏமாற்றுமா என்றால், ஏமாற்றும். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அந்த வழி வாணிபத்தையே நிறுத்திவைத்தது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் ஹூதிப் படையினரின் தாக்குதல்கள் தொடங்க, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீண்டது. அப்போது இரண்டு விதமான ஏற்றுமதியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் செய்தி பார்த்துக்கொண்டே புலம்பினார். இன்னொருவர் அன்றைக்கே பையருக்கு எழுதி, டெலிவரி தேதியை இரண்டு வாரம் தள்ளி வாங்கி, கட்டிங்கை முன்னால் இழுத்தார். ஹூதிகளை இருவராலும் தடுக்க முடியாது. காலண்டர் இருவர் சுவரிலும்தான் தொங்கியது.

எவர் கிவன் விஷயத்தில் இன்னொன்றையும் தெரிந்துகொள், பலருக்கு இது தெரியாது. பொதுச் சேதம் என்று கடல் வாணிபத்தில் ஒரு பழைய விதி உண்டு. ஆபத்திலிருந்து கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, கப்பல்காரரும் அதில் சரக்கு ஏற்றிய அத்தனை பேரும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கப்பலிலும் அதை அறிவித்தார்கள். உன் பெட்டியில் ஒரு நூல்கூட நனையாமல் இருக்கலாம். பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் சரக்கு கைக்கு வராது. கடல் காப்பீடு எடுத்திருந்தால் அந்த உத்தரவாதக் காகிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம். பிரீமியத்தை மிச்சம்பிடிப்பதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆவணத்திலும் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கப்பல் சரக்குக்கு நீ வாங்கும் பில் ஆஃப் லேடிங் வீட்டுப் பத்திரம் மாதிரி. அசல் யார் கையிலோ சரக்கு அவருக்கு. பணம் வரும்வரை அசலை வங்கி வழியாகப் பிடித்துவைக்கலாம். ஏர்வே பில்லுக்கு அந்த வலு கிடையாது. அதில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் தன் அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம், உன் கையில் இருக்கும் பிரதியை யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே புது பையர் அவசரம் அவசரம் என்று விமானத்தில் கேட்டால், சந்தோஷப்படுவதற்கு முன் பணத்தைக் கேள். அல்லது அவருடைய வங்கியின் சம்மதத்தோடு அந்த வங்கியின் பெயருக்கே சரக்கை அனுப்பு. பையர் பணம் தராமல் போனால் ஈடுகட்டும் இசிஜிசி காப்பீடு பற்றி விசாரி. "கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?" என்று பயப்படுகிறாயா? முறையான பையர் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரை அப்போதே தெரிந்துகொண்டது லாபம்.

"நான் சின்ன ஆளு, எனக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்?" இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வ.உ. சிதம்பரம் பிள்ளைக்குக் கப்பலைப் பற்றி என்ன தெரியும்? அவர் வக்கீல். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவுசெய்தபோது, பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு, மூலதனம் பத்து லட்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். வாடகைக் கப்பல் கிடைக்காமல் செய்தார்கள்; சொந்தக் கப்பல் வாங்கினார். எதிரே நின்ற பிரிட்டிஷ் கம்பெனி தூத்துக்குடி-கொழும்பு கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. மேடைகளில் நாம் அவர் சிறையில் இழுத்த செக்கைப் பற்றிப் பேசிக் கண் கலங்குகிறோம், கலங்க வேண்டியதுதான். ஆனால் கட்டணம், பங்கு, போட்டி, கப்பல் வாடகை என்று இரவு பகலாகக் கணக்குப் பார்த்த அந்த வியாபாரியையும் கொஞ்சம் கொண்டாடு. 1908-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். தலைவன் இல்லாத கம்பெனி 1911-இல் கலைந்தது. இன்று நீ சரக்கு அனுப்பும் துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.

அமெரிக்காவில் மால்கம் மெக்லீனுக்கும் கப்பல் தெரியாது. அவர் லாரிக்காரர், ஒரு பழைய லாரியோடு தொடங்கியவர். மூட்டை மூட்டையாகத் தோளில் ஏற்றுவதற்குப் பதில் லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று கேட்டார். துறைமுகத்தில் பஞ்சுப்பொதிகளை இறக்கக் காத்துக் கிடந்தபோது அந்த யோசனை வந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். பின்னால் கட்டிய கதை என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. கதை எப்படியோ போகட்டும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது நிஜம். கையால் ஏற்றினால் டன்னுக்கு ஐந்தே முக்கால் டாலருக்கு மேல் ஆன கூலி, பெட்டியாக ஏற்றியதும் 16 சென்ட்டுக்கு அருகில் வந்தது. அந்த ஒரு மாற்றத்தால்தான் அனுப்பர்பாளையத்துச் சின்ன கம்பெனியின் பனியனும் பெரிய பிராண்டின் சரக்கும் ஒரே கப்பலில் அக்கம்பக்கமாகப் பயணம் போகின்றன. கிரேன் ஓட்டுகிறவர் உன் டர்ன்ஓவரைக் கேட்டுவிட்டா பெட்டியைத் தூக்குகிறார்?

தொடங்கவே பயமாக இருந்தால் தொடங்கும் வாசலும் சின்னதுதான். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். முருங்கைப் பொடியோ கைவினைப் பொருளோ சில கிலோ அனுப்ப, தபால் துறை டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் ஏற்றுமதி மையங்களே நடத்துகிறது. அங்கே போய் ஒரு பார்சலுக்கு விசாரி. அளவு, எடை, எச்எஸ் கோடு, இன்வாய்ஸ். கன்டெய்னருக்கு வேண்டிய அத்தனையும் அந்தச் சின்னப் பார்சலிலேயே பழகிவிடும்.

ஏற்கெனவே தொழிலில் இருப்பவனே, இன்றைக்கே மூன்று ஃபார்வர்டருக்கு ஒரே மெயிலை அனுப்பு. பெட்டி எண்ணிக்கை 200, அளவு 60-40-30, மொத்தம் 14.4 கன மீட்டர், தராசு எடை 2,200 கிலோ, சரக்கு ரெடியாகும் தேதி, போய்ச்சேர வேண்டிய ஊர், வியாபார நிபந்தனை எஃப்ஓபியா, கப்பல் கட்டணமும் காப்பீடும் உன் தலையில் விழும் சிஐஎஃப்பா, எல்லாம் அதில் இருக்கட்டும். "யூரோப்புக்கு ரேட் என்ன?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். விமானத்தில் எரிபொருள், பாதுகாப்பு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேள். கப்பலில் ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக எடுப்பார்கள். விமானத்தில் அதே கன மீட்டர் 167 கிலோதான். எனவே உன் பனியனுக்குக் கடலில் இடத்துக்குத்தான் பில் போடுவார்கள். 20 அடி கன்டெய்னரில் அட்டைப்பெட்டி அடுக்கினால் 25-லிருந்து 28 கன மீட்டர் கொள்ளும். உன் 14.4 அதில் பாதிதான், ஆனாலும் எல்சிஎல்லில் மற்றவர்களோடு இடம் பகிர்வதா, கன்டெய்னரை முழுசாக எடுப்பதா என்று இரண்டு ரேட்டும் வாங்கு. பொதுவாக 15 கன மீட்டரை நெருங்கும்போது முழுக் கன்டெய்னரே மலிவாக வந்துவிடும். எல்சிஎல் ரேட் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், இறங்கும் துறைமுகத்தில் உன் பையர் தலையில் என்னென்ன கட்டணம் விழும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். அங்கே அவர் வாங்கும் அதிர்ச்சி அடுத்த ஆர்டரில் உன் விலையில்தான் வந்து விடியும்.

மூன்று பதிலும் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, சட்டைக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார். புரியாத வரி ஏதாவது இருந்தால் போனைப் போட்டு, "இது என்ன சார்ஜ், எதுக்குப் போட்டிருக்கீங்க?" என்று கூச்சப்படாமல் கேள். மூன்று பேரும் விமானம், கப்பல் என்று இரண்டே வழி சொல்லியிருந்தால் நீயாகவே மூன்றாவதைக் கேள்: துபாய் ஜெபல் அலிவரை கப்பல், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு விமானம், அந்த சீ-ஏருக்கு என்ன ரேட், எத்தனை நாள்?